நர்சம்மா ஏற்றுக்கொண்ட ஒரு மாதம்

செஞ்சிக் கடைத்தெருவில் நடந்து போகும்போது உண்ணாமலை எந்தப் பெண்ணின் முகத்தையும் முதலில் பார்க்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார். மெட்டி விரலில் அழுந்தியிருக்கிறதா, கணுக்கால் எலும்பு தெரிகிறதா, கொலுசு தாராளமாகப் புரள்கிறதா என்று பார்த்த பிறகே கண் மேலே ஏறும். அதற்கப்புறம்தான் சிரிப்பு, "சாப்டியா?" என்ற விசாரிப்பு எல்லாம். பிள்ளைத்தாய்ச்சிகளை மட்டும் என்றில்லை, கிழவிகளையும் பள்ளிக்கூடம் போகும் பெண்களையும் அப்படித்தான் பார்ப்பார். எங்கள் மளிகைக் கடைக்கு எதிரே பாத்திரக் கடை வைத்திருந்த முருகையன் ஒரு நாள் கேட்டார்.

"இன்னா நர்சம்மா, எப்பப் பாரு கீழயே தேடிக்கினு போற? ஏதாவது உழுந்துடுச்சா?"

"ஆமாப்பா. உன் கடைத் தராசுல கொறஞ்சதெல்லாம் எங்க உழுந்துதுன்னு தேடறன்."

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த பாதிக் கதவுக்குப் பின்னால் நின்று நான் அதைக் கேட்டேன். அப்போது கல்யாணமாகி வந்த புதிது. கடைப் பக்கம் வர எனக்குக் கூச்சம். கதவிடுக்கில் தெருவைப் பார்ப்பது மட்டும் பழக்கமாகிவிட்டது. நர்சம்மாவின் பார்வை எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடித்ததும் அங்கிருந்துதான்.

ஊருக்கு அவர் நர்சம்மா. நான் அக்கா என்று கூப்பிடுவேன். சொந்த ஊர் தொண்டூர், விவசாயக் குடும்பம். பதினாறு வயதில் கல்யாணம். தலைப்பிரசவத்தில் பிள்ளை குறுக்கே கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் வலிக்குப் பிறகு மாட்டு வண்டியில் படுக்கவைத்துச் செஞ்சிக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளை வண்டியிலேயே போய்விட்டது. புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அப்பா கந்தசாமிதான், "அழுதுக்கினே இருந்தா ஆச்சா? உனக்கு வந்தது இன்னொருத்திக்கு வராம பாத்துக்கோ" என்று சொல்லிக் கடலூருக்கு அனுப்பி மருத்துவச்சிப் பயிற்சி படிக்க வைத்தார். படிப்பு முடிந்து செஞ்சிப் பிரசவ ஆசுபத்திரிக்கே வேலைக்கு வந்தார். இதை அவர் துக்கமாகச் சொல்ல மாட்டார். "என் புள்ள குறுக்க படுத்துக்கினு எனக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டுப் போச்சு" என்பார்.

நான் சொல்ல வந்தது அறுபத்தாறாம் வருஷம் நடந்தது. அப்போது வயிற்றுக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. ஸ்கேன் என்ற சொல்லே எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. உண்ணாமலையிடம் இருந்தவை இரண்டு கைகளும் ஒரு மரக்குழலும்தான். ஒரு சாண் நீளக் குழல். அதன் அகன்ற வாயை வயிற்றில் பதித்து, மறுமுனையில் காதை வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்பார். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். அறையில் யாராவது வளையல் குலுக்கினால்கூட ஒற்றை விரலைத் தூக்குவார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். தலை எங்கே, முதுகு எங்கே என்று கையால் தடவிப் பார்ப்பார். வயிறு தொப்புளுக்கு மேலே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரலை அடுக்கிப் பார்ப்பார்.

ஆனால் இவையெல்லாம் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் உபயோகப்படும். எத்தனை மாதம்? அது தெரியாவிட்டால் வயிறு சின்னதா பெரியதா, பிள்ளை வளர்கிறதா வாடுகிறதா என்று எதை வைத்துச் சொல்வது? எங்கள் பெண்கள் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்வது கிடையாது. "கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்திக்கின?" என்று கேட்டால் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்ப்பார்கள். கூட வந்த மாமியார் பதில் சொல்வார், அதுவும் குத்துமதிப்பாக.

அதற்கு உண்ணாமலை ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்குப் போகிறவர்கள். மாதவிலக்காகித் தூரமாக இருக்கிற பெண் கோயிலுக்குப் போக மாட்டாள். அதனால் அவர் கேட்கிற கேள்வி, "எந்த அமாவாசைக்கு மலையனூருக்குப் போவல?" என்பதுதான். இதற்கு யாரும் யோசிக்கவே வேண்டாம். விட்டுப்போன அமாவாசை எந்தப் பெண்ணுக்கும் மறக்காது. தூரமான நாள் அமாவாசைக்கு முன்னே பின்னே என்றால் அதையும் அங்கிருந்தே எண்ணிச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கு அநேகமாகத் தப்பியதில்லை.

எங்கள் வீட்டில் தப்பியது.

என் ஓரகத்தி விருத்தாம்பாளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லை. என் மாமியார் சுந்தராம்பாள் கெட்டவர் அல்ல, ஆனால் வாய் நிற்காது. "பனமலைல எங்க அண்ணன் பொண்ணு ஒண்ணு இருக்குது, லட்சணமா" என்று சாப்பாடு போடும்போது சொல்வார். யாருக்காகச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். விருத்தாம்பாளின் புருஷன் அரிகிருஷ்ணன், அதாவது என் மச்சாண்டார், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

அந்த வருஷம் மாமியார் வேண்டிக்கொண்டார். தொடர்ந்து மூன்று அமாவாசை மலையனூர் அம்மனிடம் மருமகளை அழைத்துக்கொண்டு வருவதாக. நடுவில் ஒன்று விட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாசி அமாவாசை போனார்கள். பங்குனி அமாவாசைக்குப் போக முடியாமல் விருத்தாம்பாள் பின்கட்டில் தனியாக உட்கார்ந்தாள்.

"அமாவாசைன்னா போதும், அம்மனுக்கு முன்னாடி இது வந்து நின்னுடுது உனக்கு" என்றார் மாமியார். "அடுத்த தபாவும் இப்பிடியே ஆச்சுன்னா நான் அம்மன் உத்தரவுன்னு எடுத்துக்கினு பனமலைக்குப் போய்ப் பேசிட்டு வந்துடுவன்."

சித்திரை அமாவாசை வந்தது. எல்லோரும் ஸ்பெஷல் பஸ்ஸில் போனோம், நானும்தான். விருத்தாம்பாள் மஞ்சள் புடவை கட்டி, எலுமிச்சை மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். அன்று காலையில் கிணற்றடியில் அவள் ஒரு துணியைத் தனியாக அலசி, காய்கிற புடவைக்கு அடியில் மறைத்துப் போட்டதை நான் பார்த்திருந்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். அவ்வளவுதான். வைகாசியும் ஆனியும் தடையில்லாமல் போய்வந்தார்கள். ஆடியில் விருத்தாம்பாள் வாந்தி எடுத்தாள். மாமியார் தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

பிரசவ ஆசுபத்திரிக்கு மாமியாரும் நானும் கூடப் போனோம். உண்ணாமலை வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பங்குனிக்குத்தான் போவல" என்று மாமியார் முந்திக்கொண்டார். "அதுக்கப்புறம் மூணு அமாவாசையும் விடாம போயிட்டோம். நான் வேண்டிக்கின கையோட அம்மா குடுத்துட்டா!"

"அப்பிடியா விருத்தா?" என்று உண்ணாமலை கேட்டார். விருத்தாம்பாள் தலையை ஆட்டினாள். பங்குனியிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கியது.

ஆரம்பத்திலிருந்தே வயிறு கணக்குக்குப் பின்னாலேயே வந்தது. பிள்ளை அசைவதும் தாமதமாகத்தான் தெரிந்தது. தலைச்சனுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் உண்ணாமலை. புரட்டாசியில் வளைகாப்பு வைத்தபோது வந்தவர்கள், "ஏழு மாச வயிறாவா இருக்குது?" என்று காதோடு காது பேசினார்கள். உண்ணாமலை வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே வந்தார். விரலை அடுக்கிப் பார்ப்பார், குழலை வைத்துக் கேட்பார், முகம் யோசனையாக இருக்கும்.

"நெஞ்சு நல்லா அடிக்குது. துள்ளுது. தவிக்கிற புள்ள மாதிரி இல்ல. ஆனா ஒரு மாசத்து வளத்தி எங்க போச்சுன்னுதான் புரியல" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் புரியவில்லை. நான் பார்த்ததையும் இதையும் அப்போது நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

கார்த்திகை தீபம் முடிந்த பிறகு விருத்தாம்பாளின் காலில் லேசாக வீக்கம் கண்டது. அதற்குமேல் உண்ணாமலை காத்திருக்கவில்லை. தானே கூட வந்து பெரிய ஆசுபத்திரிக்கு எங்களை பஸ்ஸில் அழைத்துப் போனார். அங்கே இருந்த லேடி டாக்டர் பொறுமையானவர். வெகு நேரம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"மாசக் கணக்கு உறுதிதானா?" என்று உண்ணாமலையைக் கேட்டார்.

"உறுதிதாங்கம்மா."

"கணக்கு உறுதின்னா, குழந்தை உள்ளே வளரல. கால்ல நீரும் வருது. இப்படியே விட்டா உள்ளேயே போனாலும் போயிடும். ஒன்பது முடிஞ்சாச்சு, இனி வெளியே வந்தா பிழைச்சுக்கும். திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க, வலி வர மருந்து குடுத்துப் பாக்கலாம். இல்லன்னா ஆபரேஷன்."

அவர் சொன்னதில் தவறில்லை. சொன்ன கணக்கை வைத்துத்தான் அவர் பேசினார்.

மறுநாள் மாமியார் குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைக்க மஞ்சள் துணி தேடிக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். விருத்தாம்பாள் துவைக்கிற கல்லில் வந்து உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"எனக்குத் தெரியும் ஏன் வளரலன்னு" என்றாள். "தீட்டோட போய் அம்மன் எதிர்ல நின்னேன் இல்ல? மாலைய வேற என் கையால குடுத்தேன். அதான் வாட்டறா. என்ன எடுத்துக்கினாக்கூடப் பரவால்ல. வயித்துல இருக்கறதுகிட்ட போய் இன்னாத்துக்கு?"

"அக்கா, நர்சம்மாகிட்டயாவது சொல்லிடேன்."

"சொல்லி? அத்தைக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். பனமலைக்கு ஆளு போயிடும். நீ வாயத் தொறந்த, நான் இந்தக் கெணத்துலதான்."

அவள் எழுந்து போன பிறகும் நான் சாம்பலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பாவ புண்ணியம் எனக்குத் தெரியாது. ஆனால் 'ஒரு மாசத்து வளத்தி எங்க போச்சு' என்று உண்ணாமலை கேட்டது காதில் நின்றது. பங்குனிக்கும் சித்திரைக்கும் நடுவே எவ்வளவு? ஒரு மாதம். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கும் தெரிகிற கணக்குதான் அது.

நான் அதுவரை தனியாகக் கடைத்தெருவைத் தாண்டியதில்லை. தீபத்துக்குச் செய்த பொரி உருண்டையில் நாலை எடுத்து ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு, நர்சம்மாவுக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆசுபத்திரிக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் உண்ணாமலை அரிசி களைந்துகொண்டிருந்தார். என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"காலு வீங்கல. மூஞ்சிதான் வீங்கியிருக்குது. இன்னாடி?"

தூக்கை நீட்டினேன். அவர் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

"அக்கா, சித்திரை அமாவாசைக்கு அவங்க மலையனூருக்கு வந்தாங்க."

"தெரியுமே. பெரியம்மாதான் சொன்னாங்களே."

"வந்தாங்க. வந்திருக்கக் கூடாது. அன்னிக்கும் அவங்க தூரம். யாருக்கும் தெரியாம வந்துட்டாங்க."

களைந்த அரிசி பாத்திரத்திலேயே இருந்தது. உண்ணாமலை ஈரக் கையின் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி. அப்ப புள்ள நல்லா இருக்குதுடி! ஒம்பது முடிஞ்ச புள்ளைக்குத்தான் இது சின்ன வயிறு. எட்டு முடியற புள்ளைக்கு இது அளவான வயிறு. கால் வீக்கம் நின்னு நின்னு வேலை செய்யறதுல வந்தது, அது படுத்தா கொறையற வீக்கம்." சிரித்தார், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "திங்கக்கிழமை இதப் போய் வெளிய எடுத்திருப்பமேடி. எட்டு மாசத்துப் புள்ளைய எந்தப் பஞ்சுல வச்சுக் காப்பாத்தறது?"

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"பெரியம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"அவங்கள அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்பலன்னாலும், நாளைக்கு அந்தப் புள்ளைக்குச் சளி புடிச்சாக்கூட 'தீட்டோட கோயிலுக்குப் போனவ'ன்னு சொல்லிக் காட்டுவாங்க. சாவற வரைக்கும்." அரிசியை உலையில் போட்டார். "சரி, நீ போ. நீ இங்க பொரி உருண்டை குடுக்கத்தான் வந்த."

சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தார். மச்சாண்டாரும் கடையிலிருந்து உள்ளே வந்து நின்றார். உண்ணாமலை உட்காரவில்லை.

"பெரியம்மா, திங்கக்கிழமை போவ வேணாம். தப்பு நடந்துபோச்சு. என் தப்பு."

"இன்னா தப்பு?"

"சில பேருக்குப் பங்குனில வந்தா, அடுத்த மாசம் ஒண்ணுமில்லாம சும்மா தள்ளிப் போவும். அதுக்கப்புறம்தான் தரிக்கும். விருத்தாவுக்கு அப்பிடி ஆயிருக்குது. புள்ள ஒரு மாசம் பின்னாடி. ஆரம்பத்துலயே என் கைக்குத் தெரிஞ்சுது. நான்தான் அத உட்டுட்டு அமாவாசையப் புடிச்சிக்கினு தொங்கினேன்."

மாமியாருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"அப்ப புள்ள வளருதா?"

"நல்லா வளருது."

"அப்ப இத்தினி நாளா எங்க வயித்துல நெருப்பக் கட்டி வச்சிருந்தியே, அது? வெட்டிக் கிழிக்கணும்னு சொன்னாங்களே, அது? மாசம் எண்ணத் தெரியாம நீ இன்னா நர்சு? சர்க்காரு உனக்கு எதுக்குச் சம்பளம் குடுக்குது?"

"நீங்க சொல்றது சரிதான் பெரியம்மா."

"சரிதானாம்! நாங்க போயிருந்தோம்னா?"

உண்ணாமலை குனிந்த தலை நிமிரவில்லை. அவ்வளவு வாய்த்துடுக்கான மனுஷி, பதிலுக்குப் பதில் பேசாமல் நின்றதை அன்று ஒரு நாள்தான் பார்த்தேன். மச்சாண்டார் மட்டும், "விருத்தாவுக்கு ஒண்ணும் இல்லியே நர்சம்மா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா. நல்லா தூங்கச் சொல்லு, ரெண்டு தலகாணி வச்சுக் கால ஒசத்திப் போடச் சொல்லு." மச்சாண்டார் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

பிறகு உண்ணாமலை உள்ளறைக்கு வந்து விருத்தாம்பாளைப் படுக்கவைத்துக் குழலை வைத்தார். நான் சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விருத்தாம்பாள் என்னைப் பார்க்கவேயில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவமேல கோவப்படாத" என்று உண்ணாமலை மெதுவாகச் சொன்னார். "அவ சொல்லலன்னா உன் புள்ள இல்ல."

"புள்ள இருந்து இன்னாக்கா? அம்மா கோவமா இருக்கறாளே."

"யாரு சொன்னது?"

"நான் தீட்டோட போனேனே."

"போன. சரி. ஆறு வருசமா சுத்தபத்தமா போய்க்கினு இருந்தியே, அப்பல்லாம் குடுத்தாளா?"

விருத்தாம்பாள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"எந்த மாசம் தரிச்சிருக்குது? எண்ணிப் பாரு. நீ தீட்டோட போய் நின்ன பாரு சித்திரை, அதுக்கப்புறம்தான். கோவக்காரி குடுப்பாளாடி? அவளும் பொம்பளதானே. பஸ்ஸுல நீ இன்னா பாடுபட்டு வந்தன்னு அவளுக்குத் தெரியாதா?"

விருத்தாம்பாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். வயிறு குலுங்கியது. உண்ணாமலை குழலை எடுத்துவிட்டு, "அழுது முடி, அப்புறம் கேக்கறன். இப்ப உன் சத்தம்தான் கேக்குது" என்றார். அழுகைக்கு நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாள் உண்ணாமலை தனியாக பஸ் ஏறிப் போய், பெரிய ஆசுபத்திரி டாக்டரிடமும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் நன்றாகத் திட்டியிருக்கிறார். "உன்ன நம்பித்தானே நான் கத்திய எடுக்கறேன்" என்றாராம். இதை உண்ணாமலையே பிற்பாடு சொன்னார். "அந்தம்மா திட்டினது நியாயம். ஆனா அடுத்த நிமிசமே காப்பி குடுத்தாங்க" என்றார்.

ஊர் அவ்வளவு லேசில் விடவில்லை. மாமியார் வாய் சும்மா இருக்குமா? ஒரு வாரத்தில் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு மூன்று குடும்பங்கள் அவரிடம் போவதை நிறுத்திவிட்டுப் பழையபடி வீட்டு மருத்துவச்சியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அது அவருக்கு உள்ளுக்குள் வலித்தது. குறுக்கே கிடக்கிற பிள்ளையை யார் கவனிப்பார்கள் என்ற கவலைதான். அழைக்காத வீடுகளுக்கும் ஏதாவது சாக்கு வைத்துப் போய், மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு வருவார். முருகையன் மட்டும் விடவேயில்லை.

"நர்சம்மா, இது மார்கழியா, தையா? உன்னைத்தான் கேக்கணும்."

"உனக்கு எதுக்குப்பா அது? நீ பெக்கப் போறியா?"

கடைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முருகையனின் மருமகளும் உள்ளேயிருந்து சிரித்தாள். அடுத்த மாசம் அவளே உண்ணாமலையிடம்தான் போனாள்.

மார்கழி முடிந்தது. பொங்கல் வந்தது. விருத்தாம்பாளின் வயிறு இறங்கவில்லை. மாமியாருக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. "நீ சொன்னத நம்பி உக்காந்துக்கினு இருக்கறேன். ஏதாவது ஆச்சு, உன்ன சும்மா விட மாட்டேன்" என்று உண்ணாமலையிடம் கையை நீட்டிப் பேசினார்.

உண்ணாமலை, "பெரியம்மா, இங்க வாங்க, குனிங்க" என்றார். குழலை விருத்தாம்பாளின் வயிற்றில் சரியான இடத்தில் பதித்து, மாமியாரின் தலையை மெல்லப் பிடித்து அதன்மேல் சாய்த்தார். "கண்ண மூடிக்குங்க."

மாமியாருக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. "இன்னாமோ இரைச்சலா இருக்குது" என்றார். பிறகு திடீரென்று விரலைத் தூக்கினார். எங்கள் யாரையும் மூச்சுவிடக்கூட விடவில்லை. அப்படியே வெகு நேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது மூக்குத்தி நனைந்திருந்தது.

"எட்டுப் புள்ள பெத்தேன். ஒண்ணோட சத்தங்கூட நான் இப்பிடிக் கேட்டதில்லயே" என்றார். பிறகு மருமகளின் தலையைக் கோணல்மாணலாக ஒரு தடவு தடவிவிட்டு, காரணமில்லாமல் என்மேல் எரிந்து விழுந்தார். "இன்னா பாத்துக்கினு நிக்கற? போய் அவளுக்குப் பால் காச்சு."

அதன்பிறகு அவர் பனமலைப் பேச்சை எடுக்கவில்லை.

தை நடுவில், நல்ல வெயில் ஏறிய காலை நேரத்தில் பிரசவ ஆசுபத்திரியில் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. தலைநிறைய முடி, மடிப்பு விழுந்த தொடை. உண்ணாமலை அதைத் துடைத்து மாமியார் கையில் கொடுத்தார். மாமியார் அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். "பொண்ணா" என்றார் ஒரு தடவை. அப்புறம், "இதையா வளரலன்னு சொன்னாங்க? கையில புடிக்க முடியலயே" என்றார். அங்காளபரமேஸ்வரி என்று பெயர் வைத்தார்கள். அங்காளம் என்று கூப்பிட்டோம். விருத்தாம்பாள் அன்று சாயங்காலம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, பிள்ளையை என் மடியில் போட்டாள். அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

உண்ணாமலை செஞ்சியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மாமியார் சுந்தராம்பாள் கடைசிவரை, பிள்ளைத்தாய்ச்சி யாரைப் பார்த்தாலும், "நர்சம்மாகிட்ட போ, கைராசிக்காரி. மாசத்த மட்டும் நீயே எண்ணிக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அங்காளத்தின் மகள் உண்டாகியிருந்தபோது, திண்டிவனம் ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனோம். விருத்தாம்பாளும் வந்தாள், எழுபதைத் தாண்டியவள். "தேதி சரியா ஞாபகம் இல்லையே" என்று பெண் தயங்கினாள். "பரவாயில்லம்மா, குழந்தையோட நீளத்த அளந்தா இதுலயே எத்தனை வாரம்னு தெரிஞ்சிடும். உங்க தேதியவிட இதுதான் சரியா இருக்கும்" என்றார் ஸ்கேன் பார்க்கிற பெண். திரையில் கடுகளவு ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. விருத்தாம்பாள் கண் கொட்டாமல் பார்த்தாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், நான் கேட்காமலே, மகளிடமும் பேத்தியிடமும் சித்திரை அமாவாசையைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னாள். பேத்தி சிரித்தாள். "இதுக்கா ஆயா பயந்த?" என்றாள். அங்காளம் சிரிக்கவில்லை. அன்றே வழியில் பழம் வாங்கிக்கொண்டு, நர்சம்மாவைப் பார்க்கத் தன்னைத் தொண்டூருக்கு அழைத்துப் போகச் சொன்னாள்.

விருத்தாம்பாள் போய் இரண்டு வருஷமாகிறது. உண்ணாமலைக்கு இப்போது எண்பத்தேழு வயது. தொண்டூரில் தம்பி மகன் தனகோட்டி வீட்டில் இருக்கிறார். கண் தெரிகிறது, காது மட்டும் மந்தம், எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அங்காளம் மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். நர்சம்மா ஒரு தடவை மாதத்தைத் தப்பாக எண்ணிவிட்டார் என்று செஞ்சிக் கடைத்தெருவில் வயதானவர்கள் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் அதை மறுத்ததில்லை.